எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டு

சென்ற மாதம் ஒரு கல்லூரி விடுதியில் வாசிப்பு வட்டம். அன்று பேச வேண்டியது பஞ்சமி நிலம் பற்றி. பேசி முடித்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது இறுதியாண்டு மாணவி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தோழர், எங்க அக்கா வேலைக்குப் போறாங்க. மாசம் 22,000 சம்பளம். ஆனா 10ஆம் தேதிக்கு மேல எங்க வீட்டுல யாரும் யாரோடயும் முகம் குடுத்துப் பேசறதில்ல. உங்க வீட்டுல எப்படி?"

பஞ்சமி நிலத்துக்கு ஒன்றரை மணி நேரம் பேசிய எங்களுக்கு இதற்கு உடனே பதில் வரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தோம். பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. நிலம், கூலி, கடன், உரிமை என்று மேடையில் எவ்வளவோ பேசுகிறோம். நம் வீட்டு அடுக்களையில் அந்த நான்கும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதை மட்டும் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. வெட்கம். அந்த வெட்கத்தைக் கொஞ்சம் ஓரம் தள்ளிவைத்துவிட்டு எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் இணையர் இருவர். ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொகுப்பூதியச் செவிலியர், மாதம் 18,000. மற்றவர் உரிமை அமைப்பு ஒன்றில் களப்பணியாளர், மதிப்பூதியம் 12,000, அதுவும் வந்தால்தான் வந்தது. அரசுப் பள்ளியில் மூன்றாவது படிக்கும் மகள். திண்டிவனம் பக்கம் வாடகை வீடு. ஊரில் அம்மா. ஊரில் என்று சொல்லிப் பழகிவிட்டது, காலனியில் அம்மா. இருவருமே எங்கள் குடும்பங்களில் முதல் பட்டதாரிகள்.

2022 நவம்பரில் ஒரு நாள். கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு குடும்பத்துக்காக மனு எழுதிக் கொடுத்துவிட்டு, 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் பற்றி அவர்களுக்கு விளக்கிவிட்டு வீட்டுக்கு வந்தோம். இரவு ஏழரை மணி. நுண்கடன் நிறுவனத்தின் வசூல்காரர் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்த மாதத் தவணை கட்டவில்லை. எங்களைத் தெருமுனையில் பார்த்த மகள் ஓடிவந்து, "அம்மா இல்லன்னு சொல்லிட்டேன், நீங்க இப்ப வராதீங்க" என்றாள். நாங்கள் அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அவளாகவே கற்றுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக்கூடாது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் கொடுக்கவும் கூடாது. இதையெல்லாம் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறோம். அன்று அந்தத் திண்ணையில் எங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுக்கடன் என்பதால் நாங்கள் கட்டாவிட்டால் மற்ற நான்கு பெண்கள் கட்ட வேண்டும், அதில் இருவர் அதே தெரு. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கட்டி அனுப்பினோம்.

மகள் தூங்கிய பிறகு, பழைய ரஃப் நோட்டு ஒன்றை எடுத்து, யாருக்கெல்லாம் தர வேண்டும் என்று எழுதினோம். நகை அடகு 45,000. நுண்கடன் மீதி 38,000. ஊரில் ஐந்து வட்டிக்கு வாங்கியது 30,000. உடன் வேலை செய்பவரிடம் 15,000. தண்டல் 8,000. மளிகைக் கடை பாக்கி 6,000. மொத்தம் 1,42,000. தண்டல் வாங்கியது எங்களில் ஒருவருக்குத் தெரியாது. உடன் வேலை செய்பவரிடம் வாங்கியது மற்றவருக்குத் தெரியாது. ஒருவரையொருவர் கவலைப்படுத்தக்கூடாது என்று இருவரும் தனித்தனியாக இரண்டு வருடமாகக் கவலைப்பட்டிருக்கிறோம்.

அன்று பெரிய சண்டை வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாறாக, வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினோம். கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் அது எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. இருவருக்கும் தெரிந்துவிட்டது. பட்ஜெட் போடுவது பற்றி நாங்கள் கற்றதில் முக்கால்வாசி அந்த இரவில் கற்றதுதான்.

அந்தப் பட்டியலில் ஐந்து வட்டிக் கடனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். 30,000க்கு மாதம் 1,500. இருபது மாதம் வட்டி கட்டினால் 30,000 கொடுத்திருப்போம், அசல் 30,000 அப்படியே நிற்கும். அப்பா இறந்தபோது மருத்துவமனைக்கும் அடக்கத்துக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் வாங்கியது. கொடுத்தவர் ஊர்த்தெருவில் நிலம் வைத்திருப்பவர். அம்மா அவர் நிலத்தில்தான் களையெடுக்கப் போவார்.

எங்கள் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லை. மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில்தான் போக வேண்டும். இதற்காக மனு எழுதி வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினோம். அம்மாவிடம் நீட்டியபோது அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு வேணாம்பா. அவருக்குக் காசு தரணும். நாளைக்கு அவரு மூஞ்சியில முழிக்கணும்." அப்பாவை அந்த வரப்பு வழியாகத்தான் தூக்கிப் போனோம். அந்தச் சாவுக்கு வாங்கிய கடன்தான் அந்தப் பாதைக்குக் கையெழுத்துப் போட விடவில்லை.

அதனால்தான் தோழர்களே, 'பட்ஜெட் எல்லாம் நடுத்தர வர்க்கத்துச் சமாச்சாரம்' என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வருகிறது.

என்ன செய்தோம் என்று சொல்கிறோம். இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை.

முதலில் இணையத்தில் தேடினோம். எல்லா இடத்திலும் 50-30-20 என்று ஒரு சூத்திரம் இருந்தது. வருமானத்தில் பாதி அத்தியாவசியத்துக்கு, 30 விழுக்காடு விருப்பத்துக்கு, 20 விழுக்காடு சேமிப்புக்கும் கடனுக்கும். எலிசபெத் வாரன் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவர் மகளும் 2005இல் வந்த ஒரு நூலில் சொல்லிப் பரவலானது இது. எங்கள் கணக்கை அதில் போட்டுப் பார்த்தோம். அத்தியாவசியமே நூற்றுக்கு மேல் போனது. சூத்திரத்தில் குற்றமில்லை, அது வேறு குடும்பங்களுக்குப் போட்டது. அதில் அம்மாவுக்கு அனுப்பும் பணத்துக்கு இடமில்லை, சித்தப்பா மகனின் பரீட்சைக்கு இடமில்லை, நீதிமன்றத்துக்கு வரும் சாட்சிக்கு வாங்கிக் கொடுக்கும் சாப்பாட்டுக்கு இடமில்லை. 'நீங்க என்ன ஆளுங்க' என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் வீடு இல்லை என்றாகி, பேருந்து நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிக் குடியேறியதால் ஆகும் ஆட்டோ செலவுக்கும் இடமில்லை. இதைச் சாதி வரி என்று எங்கள் நோட்டில் ஒரு மாதம் தனியாகவே எழுதிப் பார்த்தோம். பிறகு மனம் கசந்து போகிறதென்று போக்குவரத்தோடு சேர்த்துவிட்டோம்.

ஆகவே சூத்திரத்தை விட்டுவிட்டு ஒரு மாதம் வெறுமனே எழுதினோம். எதையும் குறைக்கவில்லை. யாரும் யாரையும் 'இதுக்கு ஏன் செலவு பண்ண' என்று கேட்கக்கூடாது என்பது மட்டும் ஒப்பந்தம். ஏனென்றால் கேள்வி வரும் என்று தெரிந்தால் எழுதுகிற கை பொய் எழுதும். நாங்கள் இருவருமே அதற்குமுன் அப்படித்தான் இருந்தோம்.

ஞாயிறு மாலை அரை மணி நேரம், வாரத்துக்கு ஒருமுறை. தினமும் எழுதிப் பார்த்தோம், பத்தாவது நாள் வெறுத்துவிட்டது. கைபேசியில் ஒரு செயலியும் போட்டுப் பார்த்தோம். அது ஒருவர் கையில் இருந்தது, மற்றவருக்கு அது கண்காணிப்பு மாதிரி இருந்தது. கோடுபோட்ட நோட்டு நடுவீட்டில் கிடக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். வாரம் முழுவதும் கையில் இருக்கும் ரசீதும் நினைவும் போதும். கணக்கில் ஐம்பது, நூறு உதைத்தால் 'தெரியாமப் போனது' என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவோம். அந்த நூறு ரூபாயைத் தேடி ஒரு மாலையைப் பாழாக்குவதில்லை. இந்த ஒரு வரி எங்கள் வீட்டில் எத்தனை சண்டைகளைத் தடுத்திருக்கிறது என்பதற்கு மட்டும் கணக்கு வைக்கவில்லை.

இரண்டாவது, வருமானத்தை இரண்டாகப் பிரித்தோம். 18,000 நிச்சயம். 12,000 நிச்சயமில்லை. வீடு நிச்சயமான பணத்தில் மட்டும் நடக்க வேண்டும். இன்றைய கணக்கில் வாடகை 5,500, வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து 11,000, எங்கள் இருவருக்கும் கேள்வி கேட்காத கைச்செலவு தலா 500. ஆக 17,500. மதிப்பூதியம் வந்தால் கடனுக்கு 3,500, ஊருக்கு 3,000, வருடச் செலவுக்கு 2,000, இயக்கத்துக்கு 1,500. மீதி கையிருப்பு. அது வராத மாதம் கடன் தவணை மட்டும் கையிருப்பிலிருந்து போகும், மற்ற கவர்கள் காத்திருக்கும். அரிசிப்பானை ஆடாது. முன்பெல்லாம் மதிப்பூதியம் நான்கு நாள் தாமதமானால் பால்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. இந்த நிலைக்கு வர ஒன்பது மாதம் ஆனது. அந்த ஒன்பது மாதம் சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். கறி மாதத்துக்கு ஒருமுறையானது. கேஸ் தீர்ந்து மூன்று நாள் விறகில் சமைத்தோம்.

வராத பணத்தைக் கணக்கில் எழுதக்கூடாது என்பதை அம்மாவிடமிருந்துதான் கற்றோம். நூறு நாள் வேலைக்குப் போவார். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். வேலையை அளந்து கொடுப்பதால் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. 15 நாளுக்குள் தர வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. அம்மா ஒருநாளும் அந்தப் பணத்தை நம்பி உப்புகூடக் கடன் வாங்கியதில்லை. "கணக்குல ஏறினாத்தாண்டா காசு" என்பார். விடுதியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதையேதான் சொல்வோம். பட்டியலின மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை உங்கள் உரிமை, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் விடாமல் விண்ணப்பியுங்கள், தாமதமானால் கேள்வி கேளுங்கள். ஆனால் அது இந்த மாதம் வரும் என்று நம்பி நண்பரிடம் கைமாற்று வாங்காதீர்கள். வரும்போது அது பழைய பாக்கிக்கே போய்விடும்.

மூன்றாவது ஒரு விஷயம், இதை நாங்களே கண்டுபிடித்தது என்று கொஞ்சம் பெருமைப்படுகிறோம். அரசிடமிருந்து கிடைப்பதையும் வரவில் எழுதுகிறோம். ரேஷனில் 12 கிலோ அரிசி, கடையில் வாங்கினால் 480. துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைப்பதில் மிச்சம் 195. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக 14, வர 14, 24 நாளுக்கு 672. மகளுக்குப் பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு, குறைத்துப் போட்டாலும் 880. ஏறக்குறைய 2,200. 'உரிமை வரவு' என்று அந்தப் பக்கத்துக்குப் பெயர். அலுவலகத்தில் யாராவது 'எல்லாத்தையும் ஓசியில குடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க' என்று ஆரம்பித்தால் முன்பு பேசாமல் இருப்போம். இப்போது அந்தத் தொகை மனதில் நிற்கிறது. தீப்பெட்டியிலிருந்து செருப்புவரை நாங்கள் வாங்கும் ஒவ்வொன்றிலும் வரி கட்டிவிட்டுத்தான் பேருந்தில் ஏறுகிறோம்.

ஊருக்கு அனுப்பும் 3,000தான் அதிகம் விவாதமானது. நல்ல மனது உள்ள ஒரு நண்பர், "முதல்ல ஊருக்குப் போற ஓட்டையை அடைங்க" என்றார். ஓட்டையா அது? எங்களில் ஒருவர் நர்சிங் படித்தது அத்தையின் கம்மலை அடகு வைத்து. மற்றவர் கல்லூரிக்கு முதல்நாள் போட்டுப் போனது பெரியப்பா மகனின் சட்டை. அந்தக் கணக்கை மூட முடியாது, மூடவும் விருப்பமில்லை. ஆனால் அண்ணன் போன் செய்தால் 500, அக்கா போன் செய்தால் 1,000, இல்லையென்று சொல்ல முடியாமல் கடன் வாங்கிக் கொடுத்து, பிறகு போன் அடித்தாலே வயிறு கலங்கி, எடுக்காமல் விட்டு, அந்தக் குற்ற உணர்ச்சியில் அடுத்தமுறை இரட்டிப்பாகக் கொடுத்து... இது நிறைய பேருக்குத் தெரிந்த கதை.

இப்போது ஊர்க் கவர் என்று ஒன்று இருக்கிறது. 1,500 அம்மாவுக்கு. 1,500 கேட்பவர்களுக்கு. மாதத்தின் முதல் வாரமே அது தீர்ந்துபோனால், "இந்த மாசம் தீந்துபோச்சுக்கா, அடுத்த மாசம் முதல் பேரு உங்களதுதான்" என்கிறோம். அடுத்த மாதம் நாங்களே கூப்பிட்டுக் கொடுக்கிறோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இப்போது போனை எடுக்கிறோம், அதுவே போதும் என்று அக்கா ஒருமுறை சொன்னார்.

பணத்துக்குப் பதில் தகவல் கொடுத்தால் போதுமான இடங்களும் உண்டு. சித்தப்பா மகன் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்கு 600 கேட்டான். கணினி மையத்தில் அப்படிச் சொன்னார்களாம். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் தேர்வுக் கட்டணம் முழு விலக்கு, ஒருமுறைப் பதிவுக்கான 150 மட்டும் ஐந்து ஆண்டுக்கு ஒருதரம் கட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி எங்கள் கைபேசியிலேயே போட்டுவிட்டோம். மதியச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இயக்கச் செலவு எங்களுக்கு இன்னொரு பெரிய ஓட்டை. இதை ஓட்டை என்றே சொல்லலாம், ஏனென்றால் அது எங்கள் அறியாமையால் ஏற்பட்டது. வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகும்போது பேருந்து, டீ, சாப்பாடு எல்லாம் எங்கள் கையிலிருந்து. அன்றைய கூலி போய்விட்டதே என்று சிலருக்கு 300, 400 கொடுப்போம். இரண்டு வருடம் இப்படி நடந்தது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 11ஆவது விதிப்படி பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படி, நாட்படி எல்லாம் மாவட்ட நிர்வாகம் தர வேண்டும், உடனே அல்லது மூன்று நாளுக்குள். விதி எங்களுக்குத் தெரியும், பயிற்சி வகுப்பில் சொல்லியும் கொடுத்திருக்கிறோம். ஆனால் கேட்டு அலைவதைவிட நாமே கொடுத்துவிடலாம் என்ற சோம்பல். அதைத் தியாகம் என்று எண்ணிக்கொண்டோம். நோட்டில் மூன்று மாதம் எழுதியபோது 5,400 வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் எழுத்துமூலம் கேட்கிறோம். சில சமயம் கிடைக்கிறது, பல சமயம் இழுத்தடிக்கிறார்கள். ஆனால் அரசு தர வேண்டியதை ஒரு செவிலியரின் தொகுப்பூதியம் சத்தமில்லாமல் தந்துகொண்டிருப்பது நின்றது.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் எல்லோர் வீட்டிலும் அம்பேத்கர் படம் இருக்கிறது. 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் வெளியிட்ட பொருளியல் அறிஞர் அவர். லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர், சிடன்ஹாம் கல்லூரிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் ஒருவரின் கடனும் சேர்த்துக்கொண்டு, 1920இல் மறுபடி கப்பலேறினார். அந்த மிச்சத்துக்குப் பின்னால் பம்பாயில் குறைந்த பணத்தில் குடும்பத்தை இழுத்துப் பிடித்த ரமாபாய் இருந்தார். கூட்டங்களில் அவருடைய தியாகத்தைப் புகழ்ந்து பேசுவோம். கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது. இயக்கத்துக்குப் போகும் ஆண், 'வீட்டை அவங்க பாத்துக்குவாங்க' என்று சொல்லும்போது, அந்தப் 'பாத்துக்கிறது' என்பதன் பொருள் பெரும்பாலும் அவர் ஒருவேளை சாப்பிடாமல் இருப்பது. எங்கள் வீட்டிலும் அது நடந்தது. ரத்தம் குறைந்து, மயங்கி விழுந்தபிறகுதான் செவிலியராக இருக்கும் எங்கள் வீட்டுச் செவிலியருக்கே இரும்புச்சத்து மாத்திரை வாங்கினோம். அதனால் நோட்டு ஒருவர் பொறுப்பு கிடையாது. ஒரு வாரம் ஒருவர் எழுதினால் மறுவாரம் மற்றவர். முட்டை, கீரை, பழம் மூன்றும் குறைக்கக்கூடாத வரியில் இருக்கின்றன.

வருடச் செலவுக் கவர் பற்றிச் சுருக்கமாக. 'திடீர்ச் செலவு' என்று நாம் புலம்புவதில் பாதி திடீரென்று வருவதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும். ஆவணியில் கல்யாணங்கள் வரும், மொய் எழுத வேண்டும். பொங்கலுக்குத் துணி. ஏப்ரல் 14க்கு நன்கொடை. இவை எல்லா வருடமும் வருகின்றன. உட்கார்ந்து கூட்டினோம், 24,000. பன்னிரண்டால் வகுத்தால் 2,000. இவ்வளவுதான் விஷயம். ஆவணி மாதம் பத்திரிகை வந்தால் இப்போது முகம் மாறுவதில்லை.

கடன் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தண்டலை முதலில் முடித்தோம். தினமும் வாசலில் வந்து நிற்பவர் நின்றதே பெரிய நிம்மதி. அதன்பிறகு ஐந்து வட்டி. அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு வங்கிக் கடன் கிடைத்தது, அதில் அவர் பங்கு 20,000, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் குறைந்த வட்டி. எங்கள் கையிலிருந்து 10,000. 2023 ஆவணியில் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அம்மாவோடு போனோம். அவர் எண்ணி வாங்கிக்கொண்டு, எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆக்கினார். நாங்கள் வாசலில் நின்றோம். உட்காரச் சொல்லவில்லை. அம்மா பத்திரத்தை வாங்கி, அங்கேயே கிழிக்காமல், முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, வீட்டு அடுப்பில் போட்டார்.

குழுக் கடன் முடிந்தது. நுண்கடன் முடிந்தது, மறுபடி எடுக்கச் சொல்லி மூன்றுமுறை வந்தார்கள். இன்று மிச்சம் இருப்பது நகை அடகில் 31,000. ஒருமுறை மகளுக்கு டெங்கு வந்தபோது கையிருப்பு முழுவதும் போய் இரண்டு மாதம் பழையபடி ஆனோம். மறுபடி எழுத ஆரம்பித்தோம்.

2024இல் சுடுகாட்டுப் பாதை மனுவை மறுபடி எடுத்தோம். அம்மா கையெழுத்துப் போட்டார், போட்டதோடு நில்லாமல் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு ஆட்சியர் அலுவலகத்துக்குக் கூடவே வந்தார். மனு நகல்கள், டீ, மூன்று பேருக்கு லெமன் சாதம். அதற்கு அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர் நோட்டு எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்கக் கவரில் 186 என்று எழுதப் போனோம். "அத ஏன் உங்க கணக்குல எழுதற?" என்று தடுத்தார். பதினைந்தாம் தேதி அவர் கணக்கில் ஏறும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்திலிருந்து இருநூறை எடுத்து மேலே வைத்தார். "மீதி பதினாலு ரூவா குடு" என்றார்.

மனு இன்னும் வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் மறுபடி போகிறோம்.